குழாயில் வந்த என் குரல்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை நேரத்தில் நான் பேசலாம் என்று அனுமதித்திருக்கும் வாக்கியங்கள் ஐந்து. நம்பர் கேட்பது, கேட்ட நம்பரைத் திருப்பிச் சொல்வது, லைன் காலி இல்லை என்பது, எதிர்ப்பக்கம் எடுக்கவில்லை என்பது, நேரம் முடிந்துவிட்டது என்பது. திருப்பதியில் இந்த வேலைக்கு வந்த புதிதில் மற்றப் பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், கிளிக்குக்கூட இதைவிட அதிகம் தெரியும் என்று. எனக்கு அந்த ஐந்து வாக்கியங்களும் பெரிய நிம்மதி. என் சொந்தச் சொல் எதுவும் எந்தக் கம்பியிலும் ஏறிப் போகாது.

இதற்கு முன் சித்தூரில் ரேடியோ டிப்போவில் இருந்தேன். ரேடியோ ரிப்பேர் படித்தவள் நான். மெட்ராஸில் சித்தி வீட்டில் தங்கி ஒரு வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கினேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். என் நைனா கோர்ட்டில் நகல் எழுதுகிறவர். ஒரு எழுத்து மாறினால் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார். எதையும் வரிசைப்படுத்தி எழுதும் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எல்லைக் கோடு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்பது தினமும் பேப்பரில் வரும். எங்கள் டிப்போவுக்கு இரண்டு பேப்பர் வந்தது. மேஸ்திரி தெலுங்குப் பேப்பர் படிப்பார். வண்டி ஓட்டும் டிரைவர் நகரிப் பக்கத்துக்காரர், தமிழ்ப் பேப்பர் படிப்பார். ஒருவர் பேப்பரை மற்றவர் தொடமாட்டார்.

"இன்னா மேஸ்திரி, உங்க பேப்பர்ல இன்னிக்கு மவுண்ட் ரோடும் ஆந்திராவுக்கு வந்திடுச்சா?" என்பார் டிரைவர்.

"அது நாளைக்கு. இன்னிக்கு வேலூர் கோட்டை வரைக்கும்தான்," என்பார் மேஸ்திரி, தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "நீ திருப்பதி மலைய வண்டியில ஏத்திட்டியா? கயிறு கட்டு, வழியில விழுந்திடப் போவுது."

இருவரும் சிரிப்பார்கள். ஆனால் அவரவர் பேப்பரில் இருப்பதுதான் நடக்கப் போகிறது என்று இருவருமே நம்பினார்கள். நான் இரண்டையும் படித்தேன். ஒரே நாளில் ஒரே ஊர் இரண்டு பேப்பரிலும் இரண்டு ராஜ்யத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். படித்து முடித்த பேப்பர்களை ரேடியோவின் கண்ணாடி வால்வுகளை உடையாமல் சுற்றி வைக்க எடுத்துக்கொள்வோம். தமிழ்ப் பேப்பர் கொஞ்சம் தடிமன், வால்வுக்கு நல்லது.

ஊர்ப் பொது ரேடியோ என்பது பூட்டுப் போட்ட ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே ரேடியோ, பெரிய பேட்டரி. சாவடிக் கூரைமேல் ஒரு ஒலிபெருக்கிக் குழாய். ஸ்டேஷன் மாற்றும் திருகு வெளியே இருக்காது. நாங்கள் எந்த நிலையத்துக்கு வைத்துவிட்டு வருகிறோமோ அதைத்தான் ஊர் கேட்கும். பெட்டிச் சாவி ஊரில் ஒருவரிடம் இருக்கும். சாயங்காலம் அவர் வந்து திறந்து போடுவார், செய்தி முடிந்ததும் அணைத்துப் பூட்டுவார்.

ஒருநாள் மேலிருந்து தாள் வந்தது. எங்கள் ஜில்லாவின் தமிழ் ஊர்களில் தமிழ் நிலையத்துக்கு வைத்திருந்த பெட்டிகளைத் தெலுங்கு நிலையத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றும் வேலையோடு குழாயையும் சோதிக்க வேண்டும். மேஸ்திரிக்கு முதுகுவலி, அதனால் நானும் டிரைவரும் போனோம்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, பெரிய ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி அந்த ஊர் இருந்தது. பேரை எழுத எனக்கு விருப்பமில்லை. தமிழ்க் குடியானவர்கள் ஊர். கடலைக்காய்க் காடு, பின்னால் பாறைக் குன்றாக ஒரு கரடு. சாவிக்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சாவியை அரைஞாணில் கட்டியிருந்தார். பெட்டியைத் திறப்பதற்கு முன் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் எத்தனை பேர் கேட்பாங்க?" என்று கேட்டேன். அறிக்கையில் எழுத வேண்டும்.

"ஊரே வரும்மா. பேசமாட்டாங்க. பாட்டு வந்தாலும் வாய மூடிக்கினு உக்காந்திருப்பாங்க."

"பாட்டுக்கு எதுக்கு?"

"பாட்டுக்கு நடுவுல எதனா சொல்லிட்டான்னா? முன்ன தண்டோராதான். தெருவுக்கு ஒரு தடவ தட்டுவான், ஒரு தடவ சொல்லுவான், போய்க்கினே இருப்பான். எனக்குக் கேக்கலன்னு தாலுகா ஆபீஸ்ல போய்ச் சொல்ல முடியுமா? கேக்காதது நம்ம தப்பு."

ரேடியோ வந்த பிறகு அந்த ஊரில் தண்டோரா அனேகமாக நின்றுவிட்டது என்று சொன்னார். சொல்லும்போது பெட்டிமேல் கை வைத்திருந்தார்.

அவருடைய மகள் எனக்கு மோர் கொண்டுவந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். மோரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றாள். அதுவரை நான் போன ஊர்களில் எல்லாரும் குழாயைத்தான் பார்ப்பார்கள். பெட்டிக்குள் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

"அக்கா, எந்த எடத்துல அக்கா பேச்சு வருது?"

காட்டினேன். ஒவ்வொன்றாகப் பேர் கேட்டாள், வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்பா சாவடிக்கு வெளியே போனதும் இடுப்பிலிருந்து ஒரு கவரை எடுத்தாள்.

"தமிழ்லதான் எட்டாவது படிச்சேன். தெலுங்கு பேசுவேன், படிக்கறது கொஞ்சம் தடுமாறும். சரியா புரிஞ்சிக்கினேனான்னு பாருங்க."

திருப்பதியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி. வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். கொண்டுவர வேண்டியவை நான்கு: பள்ளிச் சான்றிதழ், வயதுச் சான்றிதழ், நன்னடத்தைக் கடிதம், தகப்பனார் சம்மதக் கையெழுத்து. எனக்குப் பிடித்த மாதிரி நம்பர் போட்டு அச்சடித்திருந்தது. நான் தமிழில் சொல்லச் சொல்ல விரல் மடக்கி எண்ணினாள்.

"மூணு இருக்கு. நைனா கையெழுத்துதான் பாக்கி. இன்னிக்கு நேத்தா கேக்கறேன், ரெண்டு வருசமா கேக்கறேன். நேத்துதான் சரின்னாரு. ராத்திரி போட்டுத் தரேன்னு சொல்லிக்கிறாரு. அடுத்த வருசம்னா வயசு தாண்டிப் போயிடும்."

"நாலாவது இல்லாம போகாதே," என்றேன். "இதுல தெளிவா போட்டிருக்கு."

பிறகு வேலையை ஆரம்பித்தேன். ரேடியோவைத் தெலுங்கு நிலையத்துக்குத் திருப்பி வைத்து முடித்தேன். பகலில் அந்த நிலையத்தில் நிகழ்ச்சி இல்லை, இரைச்சல்தான். அடுத்தது குழாய். அதற்கு எங்களிடம் ஒரு சிறிய மைக் இருந்தது. பெட்டிக்குப் பின்னால் செருகினால் பேசுவது நேராகக் குழாயில் வரும். தெலுங்கில் ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ண வேண்டும் என்பது டிப்போ வழக்கம். எண்ணினால் குழாயின் குறை சரியாகத் தெரியாது என்பது என் எண்ணம். வல்லினம், மெல்லினம் எல்லாம் கலந்து வந்தால்தான் எங்கே கிரீச்சிடுகிறது, எங்கே அமுங்குகிறது என்று தெரியும். ஊர்ப் பேர்கள் இதற்கு ரொம்ப நல்லவை. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

வால்வு சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்தேன். டிரைவருடைய பழைய தமிழ்ப் பேப்பர். தமிழ் எல்லைப் போராட்டக்காரர்கள் மாநாடு ஒன்றில் போட்ட தீர்மானம் அதில் இருந்தது. எந்தெந்த ஊர்களைத் தங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்ட ஜாபிதா. ஆனால் பேப்பர் தலைப்பைக் கொட்டை எழுத்தில், நடந்து முடிந்த காரியம்போலப் போட்டிருந்தது: மெட்ராஸ் ராஜ்யத்தில் சேரும் கிராமங்கள். மாநாடு, தீர்மானம் எல்லாம் அடுத்த பத்தியில், பொடி எழுத்தில்.

தலைப்பை மைக்கில் படித்தேன். பொடி எழுத்துப் பத்தி நீளமாக இருந்தது, அதை விட்டுவிட்டேன். நேராக ஊர்ப் பேர்களுக்குப் போனேன். ஒவ்வொரு பேருக்கும் நடுவே குழாய் அடங்க இடம் விட்டு, நிறுத்தி, தெளிவாகப் படித்தேன். பாதிக்குமேல் போனபோது அந்த ஊர்ப் பேரும் வந்தது. எனக்கு அது மற்றப் பேர்களில் ஒன்று. அதில் வரும் றகரம் நன்றாகக் கேட்கிறதா என்று மட்டும் கவனித்தேன்.

குழாய் கரட்டைப் பார்த்து இருந்தது. நான் நிறுத்திய பிறகும் கடைசி இரண்டு பேர்கள் கரட்டிலிருந்து திரும்பி வந்தன. என் குரலை நான் அதற்கு முன் வெளியிலிருந்து கேட்டதில்லை. அது என்னைவிட வயதானவள் ஒருத்தியின் குரல்போல, எல்லாம் தெரிந்தவள் குரல்போல இருந்தது.

"அக்கா, நீங்க நிறுத்தினப்புறமும் அது சொல்லுது," என்றாள் அந்தப் பெண்.

வெளியே வந்தேன். சாவடி முன்னால் கூட்டம். காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் களைக்கொத்தோடு வந்திருந்தார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சாவிக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"அது ஒண்ணுமில்லைங்க. சும்மா குழாய் பார்க்கறதுக்குப் படிச்சேன். பேப்பர்ல இருந்தது," என்றேன்.

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அத்தனை பேர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல்முறை. எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டாவது தடவை சொல்லவில்லை.

வண்டியில் டிரைவர் சொன்னார், "பரவாயில்லம்மா. கமிட்டி போட்டு வருசக்கணக்கா பேசிக்கினு இருக்காங்க. நீ அஞ்சு நிமிசத்துல ஊரத் தூக்கி மெட்ராஸ்ல வெச்சிட்ட."

நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை டிப்போவுக்கு ஒரு கார்டு வந்தது. மேலே "ரேடியோ அக்காவுக்கு" என்று மட்டும் போட்டு டிப்போ விலாசம். மேஸ்திரி அதைக் கொடுக்கும்போது, "அம்மாயி, உனக்கு நேயர் கடிதம்," என்றார்.

நைனா கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருந்தாள். நாம் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போய்விட்டோம், ரேடியோவே சொல்லிவிட்டது, இனி திருப்பதியில் படித்து வாங்கும் சர்டிபிகேட் இங்கே செல்லாது, மெட்ராஸிலிருந்து கூப்பிடுவார்கள், பொறு என்கிறாராம். நீங்கள் வந்து சொன்னால் கேட்பார். கடைசி வரியில், புதன்கிழமை என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

வண்டி வேறு தாலுகாவுக்குப் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் பிடித்து, இறங்கி, நடந்து அந்த ஊருக்குப் போனேன். சாவிக்காரர் என்னைக் கண்டதும் சாவடியில் பாய் விரிக்கச் சொன்னார்.

நான் நின்றபடியே சொன்னேன். "அன்னைக்குப் பேசினது நான்தாங்க. பழைய பேப்பரைப் படிச்சேன். ரேடியோ எதையும் சொல்லல."

"தெரியும்மா. என் பொண்ணும் அதத்தான் சொல்லிக்கினு இருக்கா. நான் இன்னா செவிடா? குரல் உன்னுதுதான். சேதி ரேடியோவுது."

"சேதி பேப்பரோடதுங்க."

"பேப்பர் காத்தால ஒண்ணு போடுவான், மத்தியானம் கடலை மடிச்சுக் குடுப்பான். இது சர்க்கார் பொட்டி. சர்க்கார் அனுப்பின ஆளு நீ. சர்க்கார் பொட்டில உக்காந்து எங்க ஊர் பேர சொன்ன. அதுவும் எப்ப? தெலுங்குக்கு மாத்தின அந்த நிமிசம். தமிழ் ரேடியோ சொல்லிருந்தா, சரி, ஆசையில சொல்றான்னு வுட்டுடலாம். தெலுங்கு ரேடியோவே தமிழ்ல சொல்லுதுன்னா, அது முடிஞ்ச காரியம்."

"அது சோதனைங்க. குழாய் நல்லா இருக்குதான்னு பார்க்கறது."

அவரிடம் கோபம் இல்லை. "தண்டோராக்காரனும் முதல்ல தட்டிப் பாப்பாம்மா. தோல் எறங்கியிருந்தா நெருப்புல காட்டுவான், மறுபடி தட்டுவான். ஆனா தட்டிப் பாக்கறப்ப ஊர் பேர சொல்லமாட்டான்."

 

ஒரு தாள் வாங்கி, நான் படித்தது அரசாங்கச் செய்தி அல்ல, என் சொந்தத் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மகள் அதை அவருக்குப் படித்துக் காட்டினாள். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"நல்லா எழுதிக்கிற. இத அதுல சொல்லும்மா," என்று குழாயைக் காட்டினார். "அதுல சொன்னத அதுலதான் வாபஸ் வாங்கணும். சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

மைக் வண்டியோடு போயிருந்தது. வேறு தாலுகாவில், அறுபது எழுபது மைலுக்கு அப்பால், ஒரு மரப்பெட்டியில் இருந்தது. அதைச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டதுபோல் தலையாட்டினார். அவருக்கு அது, என்னிடம் வாபஸ் வாங்கும் அதிகாரம் இல்லை என்பதாகத்தான் கேட்டிருக்கும்.

"சரி, ரேடியோவே சொல்லுதா பாக்கலாம். சாயங்காலம் இரு," என்றார்.

இருந்தேன். ஊர் வந்து உட்கார்ந்தது. தெலுங்குச் செய்தி. அணை, மழை, மந்திரி ஒருவரின் பிரயாணம். எல்லையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் பெட்டியைப் பூட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இல்லன்னு ஒண்ணும் சொல்லல பாத்தியா?"

பஸ் ரோடுவரை அந்தப் பெண் கூட வந்தாள். பாதி தூரம் நடந்தோம். பிறகு, "அக்கா, நைனா கையெழுத்து எனக்கு நல்லா வரும். நானே போட்டுக்கினு போயிட்டா?" என்றாள்.

"அது தப்பு," என்றேன். "கண்டுபிடிச்சா உள்ளேயே விடமாட்டாங்க."

"கையெழுத்தே இல்லாம போனா?"

"நாலும் வேணும்னு அச்சடிச்சிருக்கே."

அவள் மறுபடி கேட்கவில்லை. நான் அன்று திருப்பதியில் அத்தை வீட்டில் தங்கிக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றும், ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்குகிறேன் என்றும் சொன்னேன். பஸ்ஸில் ஏறியதும் திரும்பிப் பார்த்தேன். அவள் ரோட்டோரத்தில் விரலை மடக்கி நீட்டி எதையோ எண்ணிக்கொண்டிருந்ததுபோல் இருந்தது. இருட்டிக்கொண்டு வந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சிலர் சுற்று ஊர்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு. பேர் கூப்பிட்டார்கள். அவள் பேரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை நான் முன்னால் போனேன். பெரிய நர்ஸம்மா கையில் டைப் அடித்த ஜாபிதா இருந்தது. நான் தெலுங்கில் விவரம் சொன்னேன். தகப்பனார் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, ஒரு வாரத்தில் வாங்கி அனுப்பலாம், பேரை அடிக்காமல் வைத்திருங்கள் என்றேன்.

"கையெழுத்துக்காகவா வரல?" என்றார் அவர். "இங்க நிக்கற இவங்கள்ல பாதிப் பேர்கிட்ட அது இல்ல. வரட்டும், முதல்ல பாக்கலாம், அப்புறம் அப்பாவக் கூட்டிட்டு வரட்டும்னு எடுத்துக்கறோம். பொண்ணுங்கள வீட்டுல உடனே விடுவாங்களா, எங்களுக்குத் தெரியாதா? ஆள் வந்திருக்கணும்மா. ஆள் வராம நான் யாரை எடுத்துக்கறது?"

"கடிதத்துல நாலும் கட்டாயம்னு போட்டிருந்துதே."

"அது அச்சாபீஸ்ல போடறது," என்றார். சொல்லிக்கொண்டே அவள் பேருக்கு நேரே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். கோபமாகப் போடவில்லை. அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அந்த வராந்தாவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தெலுங்குப் பேப்பரை நம்பும் மேஸ்திரியையும், தமிழ்ப் பேப்பரை நம்பும் டிரைவரையும், குழாயை நம்பும் சாவிக்காரரையும் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். நம்பர் போட்டு அச்சடித்த நாலு வரியை, அன்று காலைவரை நேரில் பார்த்திராத ஒரு ஆபீஸின் நாலு வரியை, ஒரு சந்தேகமும் இல்லாமல் நான் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, இன்னொருத்திக்கு அதைப் படித்தும் சொன்னேன். அவள் நான் சொன்னதை நம்பினாள்.

அப்போதெல்லாம் செய்த தவறுகளை எழுதிவைப்பேன். தலைப்பைப் படித்தது. பொடி எழுத்தைத் தாண்டியது. சிரித்துக்கொண்டே மறுத்தது. மைக் இல்லாமல் போனது. கடைசியாக, கையெழுத்து இல்லாமல் போகாதே என்று சொன்னது. எந்த வரிசையில் எழுதினாலும் கடைசியது மேலே வந்துவிடும்.

எல்லைக் கணக்கு பின்னால் முடிந்தது. திருத்தணிப் பக்கம் மெட்ராஸுக்குப் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. அந்த ஊர் இருந்த இடத்திலேயே, ஆந்திராவிலேயே இருந்தது. ரேடியோவும் சொன்னது, இரண்டு பேப்பரும் சொல்லின. அந்த ஒரு நாள் மட்டும் இரண்டிலும் ஒரே சேதி. டிரைவர் அன்று பேப்பரைப் பிரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

பேட்டரி மாற்ற அந்த ஊருக்குப் போகும் முறை வந்தபோது, வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தத் தடவை மைக்கை மறக்காமல் எடுத்துப்போனேன். எதற்கென்று எனக்கே தெரியாது.

சாவிக்காரர் இளைத்திருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தார். மகள் கூடவே வந்தாள். அவளுக்கு வயது தாண்டிவிட்டிருந்தது. இன்னும் கல்யாணமும் ஆகவில்லை, காட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்கக்கா," என்றாள். முகத்தில் எதுவும் இல்லை. மோர் கொண்டுவந்து வைத்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

பேட்டரியை மாற்றி முடித்தேன். சாவிக்காரர் கீழே இருந்த மரப்பெட்டியைப் பார்த்தார்.

"அம்மா, அந்த மைக்க கொண்ணாந்திருக்கியா?"

"இருக்குங்க."

"அன்னிக்குச் சொன்ன மாதிரியே, நிறுத்தி நிதானமா, என் பொண்ணு பேர அதுல சொல்லு. இந்த ஊரு, இன்னார் மக, திருப்பதி ஆஸ்பத்திரில சேத்துக்கணும்னு சொல்லு. நான் கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கேன்." சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரியின் அந்தக் கடிதத்தை எடுத்தார். மடிப்புகளில் நைந்திருந்தது. அடியில் கோணல் எழுத்தில் அவருடைய கையெழுத்து.

"இது குழாய்வரைக்கும்தாங்க போகும். திருப்பதிக்குப் போகாது."

"அன்னிக்கு ஊர் பூரா போச்சே."

"ஊர்வரைக்கும்தான் போச்சு."

"ஊர்வரைக்கும் போனதே இவ்ளோ தூரம் செஞ்சிதே," என்றார். குத்திக்காட்டும் குரலே இல்லை. தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை எனக்கு எடுத்துச் சொல்பவர்போலச் சொன்னார்.

மரப்பெட்டியைத் திறந்து மைக்கைக் கையில் எடுத்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று யோசிக்கவில்லை. அவருக்காகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஒரு பேர்தானே. அப்போது அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லாதீங்கக்கா. நம்பிடுவாரு."

அப்பாவுக்குக் கேட்கும்படியே சொன்னாள்.  நான் மைக்கைப் பெட்டியில் வைத்தேன்.

செய்தி நேரம் வந்தது. ஊர் வந்து உட்கார்ந்தது, முன்னைவிடக் குறைவாக. பக்கத்து டீக்கடையில் ஒரு ரேடியோ வந்துவிட்டிருந்தது, அதில் வேண்டிய நிலையத்தைத் திருப்பிக்கொள்ளலாம், இளம்பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். சாவிக்காரர் பெட்டிக்கு மிக அருகில் உட்கார்ந்து, கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு பேர் வரும்போதும் தலை கொஞ்சம் முன்னால் போயிற்று. நடுவில் பாட்டு வந்தது. அதையும் அப்படியே கேட்டார்.

முடிந்ததும் இரைச்சல் மட்டும் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கும் வரல," என்றார்.

"நாளைக்குப் பாக்கலாம் நைனா," என்றாள் மகள். அவள் சொன்ன விதத்திலிருந்து, தினமும் இதே நேரத்தில் இதையே சொல்கிறாள் என்று தெரிந்தது. குனிந்து அவருடைய அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்தாள். பெட்டியைச் சாத்திப் பூட்டி, இழுத்துப் பார்த்தாள். கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி, நைந்த மடிப்பு கிழியாமல் மடித்து, அவர் பையிலேயே வைத்தாள். பிறகு அவரைக் கைகொடுத்து எழுப்பி வீட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.